கெப்டனுக்குத் தொண்டை கட்டியிருக்கு

ஜூலை 8, 2025, செவ்வாய்

எங்கள் உதைபந்தாட்ட அணிக் கெப்டனின் தொண்டை முழுசாக அடைச்சிட்டு. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருது. மெட்ச் 20 ஆம் திகதி.

ஜூலை 9, புதன்

மல்லித் தண்ணி, இஞ்சி, தேன் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். குடிக்கட்டும், இதமாக இருக்கும். ஆனால் விழுங்குகிற எதுவும் குரல் நாணில் படாது, அது இறங்கும் குழாய் வேறு. நாண் ஈரமாக இருக்க உடம்பில் நீர் இருக்க வேணும். அதற்குக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் போக வேணும். மைதானத்துக்கு வந்து ஒரு போத்தலை ஒரேயடியாகக் கவிழ்ப்பதால் பலன் இல்லை. ஆவி பிடித்தால் அந்த ஈரம் நேராக நாணுக்கே போகும்.

அவனுக்குச் சொன்னது: இரண்டு மூன்று நாள் கதைக்கவே வேண்டாம். கிசுகிசுக்கவும் வேண்டாம், பலருக்கு அதிலும் தொண்டை இறுகும். செருமினால் நாண் இரண்டும் மோதும், ஆகவே செரும வந்தால் ஒரு மிடறு தண்ணீர். மென்தோல் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வரக்கூடாது. நோவு மரத்துப்போனால் இன்னும் கத்துவான். மூன்று கிழமை தாண்டியும் கரகரப்பு நின்றால் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போயே ஆகவேணும். கத்திக் கத்தி நாணில் காய்ப்பு விழுந்த ஆசிரியர்களும் பயிற்றுவிப்பாளர்களும் நிறையப் பேர்.

ஏன் அடைத்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று வாயை உலர்த்துது, அவன் நாடியை மேலே தூக்கித் தொண்டையால் கத்துகிறான், அதுவும் பதினொரு பேருக்கும் சேர்த்து ஒருத்தன்.

ஜூலை 10, வியாழன்

அவன் வாய் மூடி நிற்க, மைதானம் முழுக்க மௌனம். காற்றில் கொடித்துணி அடிக்கிற சத்தம் கேட்குது.

பின்வரிசையில் என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன். எதிர்ப்பக்கத்தான் பந்தைப் பின்னுக்குத் தட்டுகிறான். அந்த நொடியில் பெக் நாலு பேரும் சேர்ந்து முன்னுக்கு ஏற வேணும், அப்போதுதான் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் எதிராளி ஓப் சைட். வழக்கமாக கெப்டனின் "ஏறு" அதைச் செய்யும். இன்று (ஜெர்சி இலக்கத்தால் சொல்கிறேன்) 4 உம் 5 உம் ஏறினார்கள், 2 பார்த்துவிட்டு ஏறினான், 3 நின்ற இடத்திலேயே நின்றான். அவன் ஒருத்தன் ஐந்து மீட்டர் பின்னால் நின்றதால் எதிரணி முன்வரிசை முழுவதும் ஓப் சைட் இல்லாமல் போனது. அதே பிழையில் திரும்பத் திரும்பக் கோல்.

நாலு பேருக்கும் கண் இருக்கு. பந்தைப் பார்க்கும்போது பக்கத்தில் நிற்பவனைப் பார்க்க முடியாது, அதற்குத்தான் சத்தம். மைதானத்தில் குரல் என்பது முதலில் தகவல். தைரியம் கொடுப்பது அதற்குப் பிறகு.

ஜூலை 11, வெள்ளி

3 ஆம் இலக்கம் இன்றும் வாய் திறக்கவில்லை.

ஜூலை 12, சனி

காலையில் பாதி நேரம் கூப்பாடு மட்டும் பழகினோம். 30 க்கு 25 மீட்டர் கட்டம், ஆறுக்கு ஆறு. ஒரே ஒரு சட்டம்: பந்து வந்து சேர்பவனின் முதல் தொடுகைக்கு முன் யாராவது அவனுக்குச் சொல்லியிருக்க வேணும். சொல்லாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்கு.

மூன்றே சொல் வைத்தோம். பின்னால் ஆள் ஒட்டி வந்தால் "ஆள்". ஆளில்லை என்றால் "திரும்பு". ஆள் தூரத்தில், நிறுத்தி ஆடலாம் என்றால் "நேரம்". முன்னுக்குப் பெயர், பின்னுக்குச் சொல், அவ்வளவுதான். பெயரில்லாத "ஆள்" கேட்டு மூன்று பேர் பதறினார்கள். ஒருத்தனுக்கு நேரம் நிறைய இருந்தது, வீணாக வெளியே அடித்தான்.

கணக்கு எளிது. 15 மீட்டர் பாஸ் தரையில் உருண்டு வர ஏறக்குறைய ஒன்றரை விநாடி. பெயரும் சொல்லும் வாயிலிருந்து முடிய அரை விநாடிக்குமேல். கேட்டவன் தோளைத் திருப்ப இன்னொரு அரை. ஆகவே பந்து அடித்தவனின் காலை விட்டதும் கூப்பாடு தொடங்கியிருக்க வேணும். பெரும்பாலானவர்கள் பந்து வந்து சேர்ந்தபிறகுதான் கத்துகிறார்கள். அது உதவியில்லை, வர்ணனை. கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுச் சொல்பவர் இழுவைக்கு முன்னமே அடியெடுப்பாரே, அந்த முந்துதல் வேணும்.

கதை எப்போதும் பின்னிருந்து முன்னுக்கு. கீப்பர் நாலு பெக்கையும் பார்க்கிறார், பெக் மிட்பீல்டைப் பார்க்கிறான், மிட்பீல்ட் முன்வரிசையைப் பார்க்கிறான். முன்னால் நிற்பவனுக்கு முதுகில் கண் இல்லை. ஸ்ட்ரைக்கர் திரும்பி நின்று பெக்கைத் திட்டுவதைப் போல வீண் சத்தம் வேறில்லை.

2020 மே மாதம் ஜெர்மன் லீக் வெறும் கலரிகளுக்கு முன் மறுபடி தொடங்கியபோது தொலைக்காட்சியில் கேட்டது ஆட்டக்காரரின் சத்தம்தான். யார் பேச்சுக் கொடுக்கிறான் என்று பந்தைப் பார்க்காமலே சொல்லக்கூடியதாக இருந்தது. பொடியனுகளுக்கு அந்த மெட்ச் ஒன்றைக் காட்ட வேணும்.

ஜூலை 13, ஞாயிறு

கச்சான் இன்று பேய்த்தனமாக. மேற்குக் கோலிலிருந்து கீப்பர் சொன்னது நடுக்கோடு வரை தெளிவாக வந்தது. பக்கம் மாறியதும், அதே மனிசன், அதே சத்தம், 25 மீட்டரிலேயே கரைந்துபோச்சு.

காற்று சத்தத்தைத் தள்ளிக்கொண்டு போவதால் மட்டும் இப்படி இல்லை. தரையோடு காற்றின் வேகம் குறைவு, மேலே கூட. காற்றுக்கு எதிராகப் போகும் சத்தம் அதனால் மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலால் போய்விடும். எவ்வளவு கத்தினாலும் வளைவு வளைவுதான். ஆகவே எதிர்க்காற்றுப் பாதியில் தூரக் கூப்பாட்டை விட்டுவிட வேணும். பத்துப் பதினைந்து மீட்டருக்குள் ஒருவர் மற்றவருக்குச் சொல்லி முன்னுக்குக் கடத்த வேணும்: கீப்பர் 4 க்கு, 4 எட்டுக்கு, 8 ஒன்பதுக்கு. மிச்சத்துக்குக் கை. உள்ளங்கையை முன்னுக்குத் தள்ளினால் ஏறு, தரையை அமத்தினால் நில், இரண்டு கையையும் உள்ளுக்கு இழுத்தால் நெருங்கு.

கையைப் பற்றி இன்னொன்று. பிழை விட்டவனைப் பார்த்து இரண்டு கையையும் விரிப்பது, தலையில் கை வைப்பது. கலரி வரை தெரியும் அது, எந்தக் காற்றும் தடுக்காது. அதை ஒழிக்காமல் மற்ற எதைப் பழக்கியும் பயனில்லை.

ஜூலை 14, திங்கள்

கெப்டன் பட்டியைக் கீப்பருக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கீப்பர் கெப்டனாக இருப்பது புதுமை இல்லை. 1982 இல் இத்தாலியின் சோஃப், 2010 இல் ஸ்பெயினின் கசியாஸ், 2018 இல் பிரான்ஸின் லோரிஸ், மூவரும் கோலில் நின்றுகொண்டே உலகக் கிண்ணம் தூக்கியவர்கள். நமது தேசிய அணியையே சுஜான் பெரேரா கோலில் நின்று தலைமை தாங்கியிருக்கிறார்.

ஆனாலும் மாற்ற மாட்டேன். இவன் சத்தத்துக்காகக் கெப்டன் ஆனவன் இல்லை. 70 ஆவது நிமிடத்தில் மற்றவர்கள் இடுப்பில் கைவைக்கும்போது பின்னுக்கு ஓடி வருபவன் இவன்தான், அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்துக்குத் தொண்டை தேவையில்லை. சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கலாம்: பெட்டிக்குள் கீப்பர், வரிசை ஏறி இறங்க 4, அழுத்தம் தொடங்க 8. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லக்கூடாது, முரணாகச் சொல்லவே கூடாது.

ஜூலை 15, செவ்வாய்

மாமாங்கக் கோயில் திருவிழா, ஆள் குறைவு. வந்தவர்களோடு கோர்னரும், ஃப்ரீ கிக்குக்கு நிற்கும் சுவரும்.

கோர்னரில் கீப்பருக்கு இரண்டே சொல். "என்ட" என்றால் எல்லாரும் வழி விட வேணும். "அடி" என்றால் அவர் வரமாட்டார், கிட்ட நிற்பவன் வெளியே அடிக்க வேணும். பந்து உச்சிக்குப் போகுமுன் சொல்ல வேணும், சொன்னபிறகு மனம் மாறக்கூடாது. அரைவாசி வந்து நிற்கும் கீப்பரைவிடக் கோலிலேயே நிற்பவர் மேல்.

ஒரு எச்சரிக்கை. எதிராளியைக் குழப்ப "விடு" என்று கத்தினால் அது எச்சரிக்கை அட்டை, பிறகு நேரடியற்ற ஃப்ரீ கிக். நம்ம ஆளுக்குச் சொல்வதானால் அவன் பெயரைச் சேர்த்தால் ரெஃப்ரிக்கும் சந்தேகம் வராது.

சுவர்: நேரே 20, 22 மீட்டரில் என்றால் நாலு பேர், சில வேளை ஐந்து. ஓரத்தில் இரண்டு போதும். கீப்பர் கம்பத்தோடு நின்று வரிசைப்படுத்த, சுவரின் வெளிக்கரையில் நிற்பவன் மட்டும் திரும்பி அவரைப் பார்க்க வேணும். இன்று நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அதற்குள் பந்து வலைக்குள். சத்தத்தை நம்பாமல் விரல் காட்டச் சொன்னேன்: ஒரு விரல் ஒரு அடி.

3 இன்றும் மௌனம். சுவரில்கூட.

ஜூலை 16, புதன்

மோசமான பின்னேரம். பயிற்சி மெட்ச்சில் ஒரு கோல் வாங்கினோம், மூச்சு வாங்குமுன் இன்னொன்று. முதல் கோலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் எட்டுப் பேர் கத்தினார்கள், எல்லாம் "யார்ர ஆளு அது?" தான்.

கோல் வாங்கியபிறகு எதிரணி கொண்டாடி முடிய ஒரு நிமிடம் வரை கிடைக்கும். அதை இப்படிப் பாவிக்க வேணும். கெப்டன் பந்தை வலையிலிருந்து தானே எடுத்து நடுவுக்கு நடக்கிறான், ஓடவில்லை. நடக்கும் வழியில் 4, 5, 8 அவனோடு சேர்கிறார்கள். நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொல்ல வேண்டியது அடுத்த தொடக்க உதை எங்கே போகுது என்பது. 9 தட்டுறான், 8 பின்னுக்கு, 4 நீளமாக இடப்பக்க மூலைக்கு. பந்து அங்கே வெளியே போனாலும் பரவாயில்லை, ஆட்டம் நம் கோலிலிருந்து 70 மீட்டர் தள்ளிப் போய்விடும். அதன்பிறகு ஐந்து நிமிடம் நடுவில் குறுக்குப் பாஸ் இல்லை. கலங்கிய தலைக்கு இவ்வளவு தெளிவான வேலை கொடுத்தால்தான் கால் அசையும். "மனசை விடாதீங்கடா" என்பது காதில் விழும், காலுக்குப் போகாது.

திட்டு வாங்கியவனைக் கண்டுபிடிப்பது எளிது. அடுத்த பத்து நிமிடம் அவன் எதிராளியின் நிழலில் நிற்பான், பந்து கேட்கமாட்டான். இன்று 11 அப்படித்தான் காணாமல் போனான். அவனுக்குத் தேவை பாராட்டு இல்லை, பந்து. கிட்ட நின்று இரண்டு மூன்று இலேசான பாஸ், "நிண்ட இடம் சரி, அதிலேயே நில்லு". வெறும் "நல்லம் நல்லம்" அவனுக்கு எதையும் சொல்லாது.

ஜூலை 17, வியாழன்

கெப்டன் இன்று "ம்ம்ம்" என்று முனகினான், கரகரப்பில்லை. இனி ஒவ்வொரு நாளும் முனகல் ஐந்து நிமிடம், உதட்டைப் பிர்ர் என்று அதிரவிடுவது, தண்ணீர்க் கிளாஸுக்குள் உறிஞ்சு குழாயால் ஊதிக்கொண்டே ஒலி எழுப்புவது. பிறகு வயிற்றால் தள்ளி, நாடியை இறக்கி, குறுகிய கூப்பாடு. முழு மெட்ச்சுக்கும் இந்தத் தொண்டையில் இருபது முப்பது கூப்பாடுதான் இருக்கு என்று நினைத்து ஆடட்டும்.

ஜூலை 18, வெள்ளி

3 இன் விஷயம் விளங்கிட்டு.

அவன் அணியிலேயே இளையவன். 5 அவனுக்கு அண்ணன் முறை. அண்ணனைப் பார்த்து "ஏறு" என்று எப்படிச் சொல்வது? "அண்ணே, கொஞ்சம் ஏறுங்க" என்று முடிக்குமுன் பந்து தலைக்கு மேலால் போயிருக்கும். அதைவிடப் பேசாமல் இருப்பது மரியாதை என்று நினைத்திருக்கிறான். கீப்பரைக் கூப்பிடுவதில் இந்தச் சிக்கலே இல்லை. ஏறாவூர் ஆள், எல்லாருக்கும் அவர் "காக்கா" (அங்கே அண்ணனுக்கு அதுதான் சொல்), நீட்டிக் கூப்பிட்டால் மைதானம் முழுக்கக் கேட்கும்.

5 தானே போய்ச் சொன்னார்: "இஞ்ச பார் மனே, கோட்டுக்குள்ள நான் அஞ்சு. வெளிய வந்தா மறுகா அண்ணன்." இதைப் பயிற்றுவிப்பாளர் சொல்லிப் பயனில்லை, மூத்தவர்தான் இளையவனுக்கு அனுமதி கொடுக்க வேணும். இன்று 3 "அஞ்சு, ஏறு!" என்றான். கிளிக்குஞ்சுக் குரல், ஆனால் நேரத்துக்கு வந்தது. வரிசை கோடாக ஏறிச்சு. ஓப் சைட்!

ஜூலை 19, சனி

நாளைக்கு மட்டக்களப்பு வெபர் மைதானம். யேசு சபையின் வெபர் அடிகளாரின் பெயர் தாங்கிய இடம், சனம் கூடும், சத்தமும். தூரக் கூப்பாடு எடுபடாது, கைச்சைகையை இன்னொரு தடவை பார்த்தோம்.

ரெஃப்ரியிடம் கெப்டன் மட்டும் போக வேணும். கெப்டனுக்குச் சட்டத்தில் தனிச் சலுகை எதுவும் இல்லை, அணியின் நடத்தைக்குப் பொறுப்பு மட்டும் உண்டு. பந்து நின்றபிறகு முன்பக்கமாக நடந்து போய், கையைக் கீழே வைத்து ஒரு கேள்வி. "ஏன்?" என்று கேட்கக்கூடாது. "அடுத்த முறை என்ன செய்யக்கூடாது, சேர்?" என்றால் பதில் கிடைக்கும். கீப்பரின் 8 விநாடிச் சட்டம் இந்த மாதம் 1 ஆம் திகதியிலிருந்து. பிந்தினால் எதிரணிக்குக் கோர்னர். கடைசி ஐந்தை ரெஃப்ரி கையுயர்த்தி எண்ணுவார். காக்கா முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார், அந்தக் கையைப் பார்த்துச் சொல்வது 4 இன் வேலை.

டொஸ் வென்றால் பக்கம் கேட்க வேணும், தொடக்க உதை அல்ல. முதல் பாதியிலேயே கச்சான் முதுகில். பின்னேரம் போகப் போக கச்சான் தளரும், சில நாள் கடற்காற்று கிழக்கால் புகும், இரண்டாம் பாதிக்கென்று காற்றைச் சேமித்து வைக்க முடியாது. அதோடு பிற்பாதியில் எல்லாரும் களைத்திருக்கும்போது காற்று தணிந்திருந்தால் குரலும் எட்டும்.

தண்ணீர் இடைவேளையில் ஒருத்தர் மட்டும் கதைப்பது. முதலில் எல்லாரும் குடிக்கட்டும்.

கோர்னருக்குக் கிட்டக் கம்பத்தில் 6 ஆ 11 ஆ என்று இன்னும் முடிவில்லை. காலையில் காக்காவிடமே கேட்க வேணும்.