ஓபி சீட்டும் வார்டு நோட்டும்

வார்டு கவுன்சிலராகவும் இருக்கிற டாக்டருக்கு முதல் போன் காலை ஐந்தரைக்கு வரும். "ஏனுங்க டாக்டர், இன்னைக்கு எங்க வீதிக்கு நல்லதண்ணி முறைங்களே, இன்னும் வால்வே திறக்கலைங்க." எட்டு மணிக்குக் குழாய்ப் பஞ்சாயத்து ஓய்ந்தால் ஒன்பதுக்கு ஓபி. கொங்குப் பக்கத்துப் பேரூராட்சி, நகராட்சிகளில் கிளினிக் நடத்திக்கொண்டே பொறுப்புக்கு வர நினைக்கும் டாக்டர்களுக்காக, இங்கே நடைமுறையில் கண்டதை எழுதுகிறோம். எம்எல்ஏ கணக்கு வேறு. 2021 தேர்தலில் ராசிபுரத்தில் மோதிய இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களும் டாக்டர்கள்; மொடக்குறிச்சியில் 281 ஓட்டில் ஜெயித்தவரும் டாக்டர். ஆனால் சட்டசபை நடக்கும்போது சென்னையில் இருக்க வேண்டியவர் தினசரி ஓபி பார்ப்பது ஆகாத காரியம். வார்டு அளவில் ஆகும்.

ஆக வேண்டுமானால், நம் கையால்தான் நடக்க வேண்டியது எது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். மன்றக் கூட்டத்துக்கு நமக்குப் பதில் ஆள் அனுப்ப முடியாது. ஸ்கேன் மெஷினில் நம் பெயருக்குப் பதிவு இருந்தால் வேறொருவர் அதன் புரோபை, அதாவது உடம்பில் வைத்துப் பார்க்கும் கருவியைத் தொடக் கூடாது. சான்றிதழில் கையெழுத்தும் அப்படியே. மற்றதெல்லாம் ஆள் வைத்துச் செய்யலாம். தெருவிளக்கு மாற்றுவதை நின்று பார்த்துவிட்டு ஓபிக்கு முக்கால் மணி தாமதமாக வருகிறவர் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார்.

வேட்புமனுவுக்கு முன்பே முடிக்க வேண்டியவை சில உண்டு. அரசுச் சம்பளத்தில் இருக்கும் டாக்டர் பேரூராட்சி வார்டுக்குக்கூட நிற்க முடியாது. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது, அதை ஏற்ற உத்தரவு கையில் இருக்க வேண்டும். தனியாக கிளினிக் நடத்துபவர்களுக்குத் தடை இல்லை. ஆனால் சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம், அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொழில் வரி ஆகியவற்றில் பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தன் தொழில் வரியைக் கட்டிவிட்டு நர்ஸ், கம்பவுண்டர் சம்பளத்தில் பிடித்ததைக் கட்ட மறப்பதுதான் வழக்கமான ஓட்டை. கிளினிக் நகராட்சிக் கடையில் வாடகைக்கு இருந்தால், வக்கீலிடம் ஒப்பந்தத்தைக் காட்டாமல் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். சிகிச்சை தொடர்பாகக் கிரிமினல் வழக்கு ஏதும் நிலுவையில் இருந்தால் பிரமாணப் பத்திரத்தில் எழுதியே ஆக வேண்டும். தொழில் சம்பந்தப்பட்டது என்று விட்டுவிட முடியாது.

நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் இலவச மருத்துவ முகாம் கூடாது. பத்து வருடமாக மாதா மாதம் நடத்தும் சர்க்கரை முகாமாக இருந்தாலும் நிறுத்துங்கள். எதிர்த் தரப்பு போட்டோ எடுத்தால் அது ஓட்டுக்குக் கொடுத்த பொருள்தான். போஸ்டரில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாம். கிளினிக் பெயர், நேரம், என்ன வைத்தியம் பார்க்கிறோம் என்பதெல்லாம் வந்தால், 2002ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிப்படி அது விளம்பரம். ரிசல்ட் வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் பலர் தவறவிடுவது இதை. தோற்றவர்களும்தான்.

இனி வாரக் கணக்கு. பனியன் கம்பெனியும் தறிக்குடோனும் உள்ள ஊரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அதனால் ஞாயிறு காலை ஓபி நிரம்பி வழியும், அந்தக் காலையை வார்டுக்குக் கொடுக்கவே கூடாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள், அதிகாரிகள் பாதிப்பேர் அங்கே போயிருப்பார்கள். அன்றைக்கு நகராட்சி ஆபீஸ் ஏறினால் வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டு வரலாம். திங்கள் முழு ஓபி வைத்துக்கொண்டு செவ்வாய், புதன் மத்தியானத்தை ஆபீசுக்கு ஒதுக்குவது சரியாக வரும். கல்யாணங்கள் நம் பக்கம் விடியற்காலை முகூர்த்தம் என்பது ஒரு வசதி. ஆறு மணிக்குத் தலையைக் காட்டிவிட்டு ஒன்பதுக்கு சேரில் உட்காரலாம். எழவுக்கு இன்ன நேரம் என்று கிடையாது. அதற்குப் போகாத கவுன்சிலரை ஊர் மன்னிக்காது, எனவே தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் டோக்கன் இல்லாமல் காலியாக இருக்கட்டும். கோயில் நோம்பி (திருவிழா) காலத்துக்கு வேண்டிய லாரித் தண்ணி, தற்காலிகக் கழிப்பிடம், கூடுதல் விளக்கு எல்லாவற்றையும் முந்தைய மாதக் கூட்டத்திலேயே விவாதப் பொருளாக வைத்துவிட வேண்டும். பூச்சாட்டு முடிந்தபின் தீர்மானம் போட்டால் மஞ்சள் நீராட்டு முடிந்துதான் டெண்டர் வரும்.

மன்றக் கூட்டம் மாதம் ஒன்றாவது இருக்கும், பெரும்பாலும் காலை ஓபி நேரத்தில்தான். தொடர்ந்து போகாமல் இருந்தால் பதவியே போய்விடும். அழைப்பு வந்த அன்றே டோக்கனைப் பாதியாக்கி, பதிலுக்கு இருக்கும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், தன் பெயரும் பதிவு எண்ணும் போட்ட சீட்டில்தான் எழுத வேண்டும். நாம் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகும் வெற்றுச் சீட்டு ஒருநாள் நம் கழுத்துக்கே வரும். நம் இன்சூரன்ஸ் பாலிசியில் அவர் அடங்குகிறாரா என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. ஆள் கிடைக்கவில்லையா, அன்றைக்குக் கிளினிக் லீவு. நர்ஸ் மட்டும் உட்கார்ந்திருக்கிற கிளினிக்கைத் திறந்திருப்பதாகக் கணக்கில் வைக்கக் கூடாது. லீவு என்று பேப்பரில் அறிவிப்புக் கொடுப்பது விளம்பரம் ஆகாது, விதியே அதை அனுமதிக்கிறது.

பதில் டாக்டருக்கு ஒரு தாள் எழுதி வைக்க வேண்டும். கட்டு மாற்ற வருபவர் யார், ரிப்போர்ட் வர வேண்டியது யாருக்கு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. நெஞ்சுவலி வந்தால் 10 நிமிஷத்துக்குள் ஈசிஜி, சந்தேகம் என்றால் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கக் கொடுத்து 108. ஈசிஜியை நமக்குப் போட்டோ அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். கூட்டத்தில் வரி உயர்வுத் தீர்மானத்துக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் போனைப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்கேன் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கெடுபிடி. பதில் டாக்டர் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றால் அவர் பெயரும் உங்கள் மையத்தின் பதிவில் ஏறியிருக்க வேண்டும், மாற்றத்தை 30 நாள் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். அவருக்கு ஒரு மாவட்டத்தில் இரண்டு மையங்களுக்கு மேல் கூடாது என்பதால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு எடுத்த ஸ்கேன் விவரம் எழுதும் எஃப் படிவங்களோடு மாத அறிக்கை அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் போக வேண்டும். கூட்ட அலைச்சலில் இது ஒருமுறை தவறினாலும், 'கவுன்சிலர் என்பதால் கொடுக்கவில்லை' என்று ஊர் பேசும்.

அடுத்து நோயாளி நாற்காலி. சிக்கல் முழுக்க அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கக் கை நீட்டியபடியே, "அப்படியே எங்க வீதிச் சாக்கடையைக் கொஞ்சம் பாருங்க டாக்டர், ஒரு மாசமா அப்படியே நிக்குதுங்க" என்று ஆரம்பிப்பார்கள். சொல்லச் சொல்ல அவர்களுக்கே கோபம் ஏறும், மெஷின் 160 காட்டும். அந்த ரீடிங்கை நம்பி மாத்திரையைக் கூட்டினால் தப்பு. "அம்மிணி, சாக்கடையை வெளிய நோட்டுல எழுதிக் குடுத்துருங்க, இப்ப பேசாம உக்காருங்க" என்று சொல்லி, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அஞ்சு நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். வார்டு மனுக்களுக்கு வரவேற்பறையில் கார்பன் வைத்த நோட்டு ஒன்று போதும்: தேதி, வீதி, என்ன குறை, யாரிடம் சொன்னது, எப்போது முடிந்தது. ஒரு நகல் மனுக் கொடுத்தவருக்கு. போனும் இரண்டு வேண்டும், வார்டு போன் ஓபி நேரத்தில் உதவியாளரிடம் இருக்கட்டும். நோயாளிகளின் நம்பர்களைப் பொங்கல் வாழ்த்து அனுப்புவதற்குக்கூட எடுக்காதீர்கள். யாருக்கு என்ன நோய் என்பதோடு சேர்ந்த பட்டியல் அது.

டாக்டர் கவுன்சிலராக இருப்பதில் ஊருக்கு உண்மையான லாபம் தண்ணியில்தான். ஒரே வீதியிலிருந்து இரண்டு நாளில் நாலைந்து வயிற்றுப்போக்கு வந்தால் ஓபியில் முதலில் தெரிவது நமக்கு. பெயர் சொல்லாமல் வீதியை மட்டும் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லிவிட்டு, கடைக்கோடி வீட்டுக் குழாயில் குளோரின் பாருங்கள். குளோரோஸ்கோப் குழலில் தண்ணி பிடித்து ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டு, மஞ்சள் நிறத்தை உடனே ஒப்பிட வேண்டும். வைத்திருந்து பார்த்தால் அதிகமாகக் காட்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி 1 லட்சம் லிட்டர் என்றால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் வர 100 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீதப் பிளீச்சிங் பவுடரில் அது சுமார் 300 கிராம். மூட்டையைப் பிரித்து வைத்த பவுடர் நாளாக நாளாக வீரியம் இழக்கும், அதே 300 கிராம் போட்டும் குழாயில் ஒன்றும் வராததற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். பவுடரை நேரே தொட்டியில் கொட்டாமல் பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்ததை ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம் விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். தொட்டியில் சரியாக இருந்து கடைக்கோடியில் இல்லையென்றால் நடுவில் உடைசல். முறை வைத்துத் தண்ணி விடும் ஊரில் மற்ற நாட்களில் பைப் காலியாகக் கிடக்கும், சாக்கடையோரம் உடைசல் இருந்தால் அந்தத் தண்ணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். வால்வு திறந்ததும் வரும் முதல் தண்ணியை யாரும் பிடிக்காமல் வெளியே விடச் சொல்லுங்கள். கூட்டத்தில் இதைத் தேதி, வீதி, ரீடிங் போட்டு எழுத்தில் வைத்தால் இன்ஜினியரால் தட்டிக்கழிக்க முடியாது.

சான்றிதழ் விஷயத்தில் நெருக்கடி ராத்திரிதான் வரும். வீட்டில் இறந்தவருக்கு இறப்புக் காரணச் சான்று, 4ஏ படிவம், கடைசி நோயில் வைத்தியம் பார்த்த டாக்டர் கொடுப்பது, அதற்குக் காசு வாங்கக் கூடாது. நாம் பார்க்காத ஆளுக்கு, "நம்ம கவுன்சிலர் தானுங்களே" என்று வந்து நின்றால் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாம், கையெழுத்துப் போடக் கூடாது. சாவில் சந்தேகம் இருந்தால் போலீசுக்குச் சொல்வதுதான் வழி, ஒரம்பரையாக (சொந்தக்காரராக) இருந்தாலும். லீவு சான்று, அடிதடிக் காயச் சான்று கேட்டு வரும் கட்சிக்காரர்களுக்கும் இதே பதில். முதல் மாதமே சொல்லிவிட்டால் பிறகு வர மாட்டார்கள்.

நம் கிளினிக் இருக்கும் வீதியின் பார்க்கிங், நம் கட்டடத்தின் வரி போன்றவை பொருளாக வந்தால், சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுங்கள், அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். தூய்மைப் பணியாளர் உடல் பரிசோதனையை நம் லேபுக்கே கொடுக்கிறேன் என்பார்கள். வேண்டாம்.

பண விஷயம் சுருக்கமாக: 2023இல் அறிவித்த மதிப்பூதியம் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000, நகராட்சிக்கு 5,000, பேரூராட்சிக்கு 2,500 ரூபாய். பதில் டாக்டரின் சம்பளத்துக்கே காணாது. வருமான வரிக் கணக்கில் இதைத் தொழில் வருமானத்தோடு கலக்காமல் தனியாகக் காட்டுங்கள்.

பதவிக் காலம் 5 வருடம். மருத்துவக் கவுன்சில் பதிவுப் புதுப்பிப்பு, கிளினிக் பதிவு, ஸ்கேன் பதிவு எல்லாம் 5 வருடத்துக்கு ஒருமுறைதான், எனவே எல்லாமே உங்கள் பதவிக் காலத்துக்குள்ளேயே வந்து விழும். கவுன்சில் புதுப்பிப்புக்குத் தொடர் மருத்துவக் கல்வியில் 30 கிரெடிட் வேண்டும். கடைசி வருடம் ஓடிப் பிடிக்க முடியாது, அப்போது அடுத்த தேர்தல் வேலை வந்திருக்கும். மருத்துவக் கழிவுக்கான ஆண்டறிக்கை ஜூன் 30க்குள். கழிவு வண்டி வராவிட்டால் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கவுன்சிலர் கிளினிக்கின் மஞ்சள் கழிவுப் பை நகராட்சிக் குப்பைத் தொட்டியில் கிடந்தால், அன்றைக்கு ஊர் வாட்ஸ்ஆப் குரூப்பில் வேறு சேதி ஓடாது.