ரப்பரும் வளைகுடாப் பணமும் சேர்ந்து இறங்கும்போது

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கத்தில் பல வீடுகளின் சொத்துக் கணக்கு இப்படித்தான் இருக்கும்: ஒன்றரை ஏக்கர் ரப்பர், துபாயிலோ தம்மாமிலோ ஒரு மகன், லாக்கரில் நகை, ரோட்டோரம் ஒரு மனை. நாலு விதமாகப் பிரித்து வைத்திருக்கிறோம் என்று தோன்றும். ஆனால் நகையைத் தவிர மற்ற மூன்றும் கச்சா எண்ணெயோடு பிணைந்தவை.

செயற்கை ரப்பர் எண்ணெயிலிருந்து வருகிறது. எண்ணெய் மலிந்தால் டயர் கம்பெனிக்கு அது மலிவாகும், நம் ரப்பர் ஷீட்டின் விலை இறங்கும். வளைகுடாவில் கட்டட வேலையும் அதே எண்ணெய் வருமானத்தில்தான் நடக்கிறது. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. ரப்பரும் கிலோ 100 ரூபாய்க்குக் கீழ் வந்தது. அந்த நேரத்தில் மனையை விற்கலாம் என்றால், வாங்க வேண்டியவரும் வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்தான், அவர் கையிலும் பணம் இருக்காது.

ஆகவே புதிதாகப் போடும் பணம் எண்ணெயோடு சேராத இடத்துக்குப் போக வேண்டும். இன்னொரு மனை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

முதலில் 12 மாத வீட்டுச் செலவுக்கான பணத்தை டெபாசிட்டில் தனியாக வையுங்கள். வழக்கமாகச் சொல்லும் 6 மாதம் இங்கே போதாது. மழையிலும் இலையுதிரும் மாதங்களிலும் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நிற்கும். வேலை போய்த் திரும்புகிறவருக்கு மறு விசா கிடைக்க நாளாகும். இந்தப் பணத்தை ஒரே டெபாசிட்டாகப் போடாதீர்கள். 6 லட்சம் என்றால் ஒரு லட்சம் வீதம் ஆறு ரசீது, இரண்டு மாத இடைவெளியில் முதிர்வது போல. அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்தால் போதும், மற்றவற்றின் வட்டி குறையாது.

வங்கி டெபாசிட்டுக்கான காப்பீடு, 2020 பிப்ரவரி முதல், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். ஒரே வங்கியின் நாகர்கோவில் கிளையிலும் மார்த்தாண்டம் கிளையிலும் பிரித்துப் போட்டாலும் ஒன்றாகவே கூட்டுவார்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. வெளிநாடு போனவர் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்ற வேண்டும். அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு வைத்தால் அதன் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை.

அடுத்தது பங்கு. நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் (50 பெரிய இந்தியக் கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட்) மாதா மாதம் எஸ்.ஐ.பி. (ஒரே தொகையைத் தொடர்ந்து போடும் முறை) போதும், எண்ணெய், எரிசக்தித் துறை ஃபண்டுகள் நமக்கு வேண்டாம். 7 வருடத்துக்குள் தேவைப்படும் கல்யாணப் பணத்தை இதில் போடவே கூடாது. 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23-க்குள் நிஃப்டி சுமார் 38 சதவீதம் விழுந்தது. பயந்து விற்றவருக்கு நஷ்டம் நிலைத்தது, எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதவருக்கு மலிவில் யூனிட் சேர்ந்தது.

தங்கம் பெரும்பாலும் வீட்டிலேயே போதுமான அளவு இருக்கும். கூடுதலாக வேண்டுமென்றால் கூலியும் சேதாரமும் இல்லாத கோல்டு ஈ.டி.எஃப். (பங்கு போலச் சந்தையில் வாங்கும் தங்க ஃபண்ட்) வாங்குங்கள். வீட்டு நகை அடகு வைக்க உதவும், ஆனால் வட்டி கட்டத் தவறினால் ஏலத்துக்குப் போய்விடும்.

வருடத்துக்கு ஒருமுறை, வெட்டு நிற்கும் பிப்ரவரியில் கணக்குப் பாருங்கள். ரப்பர் விலை ஏறிய வருடத்தில் வரும் கூடுதல் பணத்தை, டெபாசிட்டில் உடைத்த ரசீதுகளை நிரப்பிய பிறகே வேறு எதற்கும் எடுங்கள்.