டோக்கன் நம்பர் 45

"தம்பி, அந்தப் பெட்டி என்ன சொல்லுது?"

உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா. கையில் கசங்கிய டோக்கன், 45. திரையில் 47 ஓடிக்கொண்டிருந்தது.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. போன மாசம்தான் டோக்கன் மெஷின் வைத்தார்கள். வாட்ச்மேன் அண்ணன் தன் பழைய நோட்டை இன்னும் விடவில்லை. பேருக்குப் பக்கத்தில் பென்சிலில்: "காது கேக்காது", "4 மணி பஸ்ஸ விட்டா இல்ல".

"நம்ம நோட்டுல இருக்கீக ஆத்தா, உக்காருங்க."

அந்தப் பென்சில் குறிப்புக்கு மென்பொருளில் கட்டமே இல்லை. அதை வடிவமைத்தவர்கள் ஒருநாளாவது இந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

1951லேயே இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களைப் பார்த்து டிரிஸ்ட், பாம்ஃபோர்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள். இயந்திரம் வந்தது, சேர்ந்து வேலை பார்த்த சின்னக் குழுக்கள் சிதறின, எதிர்பார்த்த பலன் வரவில்லை.

அப்பத்தாவைக் கூப்பிட்டார்கள். திரையில் அப்போது 52.