தபால் பெட்டியில் அப்பா பெயர்: ஜெர்மனிக்குப் படிக்க வந்த கதை

"ஜெர்மனியில படிப்பு இலவசமாமே?" கரூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். ஓரளவு உண்மைதான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு ஒருமுறை சில நூறு யூரோ கட்டினால் போதும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம்மைப் போன்றவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். முனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் இலவசப் படிப்புக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே கிட்டத்தட்ட பத்து லட்சம் ரூபாயைக் கண்ணில் காட்ட வேண்டும். அதைத் தெருவில் யாரும் கேட்கவில்லை.

2023 நவம்பரில் ஆரம்பித்தேன். முதலில் ஏ.பி.எஸ். நம் மார்க் ஷீட், டிகிரி எல்லாம் நிஜம்தானா என்று டெல்லியில் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். இது வராமல் விசா பக்கமே போக முடியாது, அதனால் மற்ற எதற்கும் முன்னால் இதைப் போட்டுவிடுங்கள். அப்புறம் விண்ணப்பங்கள். ஆறு இடத்துக்குப் போட்டேன். நான்கு யூனி-அசிஸ்ட் வழியாக, அதாவது பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் அமைப்பு வழியாக, முதலாவதுக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. இரண்டு நேரடியாக. நான் முதலில் பார்த்த கன்சல்டன்ட், கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரி ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டினார். அவருக்குக் கமிஷன் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பத்து லட்சம் என்றேனே, அது பிளாக்டு அக்கவுன்ட். ஒரு வருடச் செலவை முன்கூட்டியே அங்கே போட்டுப் பூட்டிவைக்க வேண்டும். நான் போட்டபோது 11,208 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து 11,904. போய் இறங்கியதும் அதிலிருந்து நமக்கே மாதாமாதம் சம்பளம் மாதிரி வரும், எனக்கு 934. அப்பா கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்தார். ஜூலையில் சென்னையில் விசா நேர்காணல், ஆகஸ்டில் விசா. இத்தோடு கஷ்டம் முடிந்தது என்று எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தோம்.

உண்மையில் கஷ்டம் செப்டம்பர் கடைசியில் விமானம் இறங்கிய பிறகுதான் ஆரம்பித்தது. என்னிடம் முகவரி இல்லை.

மாணவர் விடுதிக்கு ஏப்ரலிலேயே பெயர் கொடுத்திருந்தேன். வரிசையில் எத்தனாவது ஆள் என்றுகூடத் தெரியாது. ஒரு சீனியர் அக்கா, "வா, மூணு வாரம் என் ரூம்ல தரையில படுத்துக்கோ" என்றார். படுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை என் முகவரி என்று சொல்ல முடியாது. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் ஆன்மெல்டுங், அதாவது குடியிருப்புப் பதிவு, செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும். அதன் ஜெர்மன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். விடுதி அறையில் விருந்தாளியாகக் கிடப்பவளுக்கு அந்தத் தாளை யார் கொடுப்பார்கள்?

பதிவு இல்லாமல் நான் போன வங்கி கணக்குத் திறக்கவில்லை. வங்கிக் கணக்கு இல்லாமல் பூட்டிவைத்த பணம் வராது. பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது, குடியிருப்பு அனுமதிக்கும் விண்ணப்பிக்க முடியாது. பத்து லட்சத்துக்குச் சொந்தக்காரி, கையில் கொண்டுபோன ஆயிரம் யூரோவை எண்ணி எண்ணிச் செலவு செய்துகொண்டிருந்தேன்.

அந்த அவசரத்தில்தான் ஒரு விளம்பரத்தில் மாட்டப் பார்த்தேன். அழகான அறை, வாடகை 320 யூரோ. வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறாராம், முன்பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புவாராம். பாஸ்போர்ட் நகலைக்கூட அனுப்பிவிட்டேன், அது தப்பு. பணம் போடுவதற்குமுன் அக்கா பார்த்துவிட்டு போனைப் பிடுங்கினார். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூடப் போடாதீர்கள். வாடகையில் கால்ட்மீட்டே என்று இருந்தால் ஹீட்டர் செலவு சேராதது, வார்ம்மீட்டே என்றால் சேர்ந்தது. முன்பணம் மூன்று மாத கால்ட்மீட்டேவுக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

நான்காவது வாரம், மூன்று பேர் பகிரும் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. நகர அலுவலகத்தில் நேரம் கேட்டால் ஐந்து வாரம் கழித்துத்தான். வீடு கிடைக்கும் முன்பே அந்தத் தேதியை ஆன்லைனில் பிடித்துவைத்திருக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் காலை ஏழு மணிக்குப் பார்த்தால், யாராவது ரத்து செய்த இடம் தெரியும். அப்படித்தான் பத்து நாளில் முடித்தேன்.

பதிந்தாயிற்று. வங்கி அட்டை வரவேண்டும், வரவில்லை. வரி எண் கடிதமும் வரவில்லை.

காரணம் என் பெயர். நம் ஊரில் எனக்கு இனிஷியல்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது சர்நேம் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதிக்கொடுத்தோம். இங்கே சர்நேம்தான் ஆள். பல்கலைக்கழகம், வங்கி, அலுவலகம் எல்லோருக்கும் நான் "ஃப்ராவ்" என்று தொடங்கி அப்பா பெயரில் முடிகிற பெண்மணி. வீட்டுக்குக் கதவு எண்ணும் கிடையாது. தெரு, கட்டட எண், அப்புறம் தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர், அவ்வளவுதான். என் பெட்டியில் வீட்டுத் தோழி என்னை எல்லோரும் கூப்பிடும் பெயரை ஒட்டியிருந்தாள். தபால்காரர் அப்பாவைத் தேடி, காணாமல், எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். இரண்டு பெயரையும் எழுதி ஒட்டிய மூன்றாம் நாள் அட்டை வந்தது, அதன் ரகசிய எண் அடுத்த நாள் தனி உறையில். வரி எண்ணைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள், துறையில் கிடைத்த உதவியாளர் வேலையின் முதல் சம்பளத்தில் வரியாக நிறையப் பிடித்துவிட்டார்கள். பிறகு திரும்ப வந்தது.

சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் என்று இருந்தால், இருவரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொண்டு வாருங்கள். எனக்கு இரண்டு இடத்தில் உதவியது. பாடம் ஆங்கிலத்தில்தான், ஆனால் கடிதம் ஒன்றுகூட ஆங்கிலத்தில் வராது. சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறெங்கோ ஜெர்மன் மொழியில் இரண்டாம் நிலையான ஏ2 வரையாவது முடித்துவிட்டு வருவது நல்லது.

படிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. அரியர் வைத்துப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற நம் பழக்கம் இங்கே ஆபத்து. பல படிப்புகளில் ஒரு பாடத்துக்கு மூன்று தடவைதான். மூன்றாவதிலும் போனால் வெளியேற்றிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு இடத்திலும் தொடர முடியாது. பகுதிநேர வேலை வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் செய்யலாம். பல்கலைக்கழக உதவியாளர் வேலை அந்தக் கணக்கில் வராது. கடனை அதில் அடைத்துவிடலாம் என்று நினைத்து வராதீர்கள், வாடகைக்குத்தான் சரியாக இருக்கும்.

குடியிருப்பு அனுமதி அட்டை ஏப்ரலில் வந்தது. வீடியோ காலில் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் வரியில் அவர் பெயர், என் பெயர் அடுத்த வரியில். "என்ன சாமி, நானே படிக்கப் போயிருக்கேன் போல" என்றார். இங்கே நான் இருக்கும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ரேடியோ, டிவி கட்டணம் கேட்டு வரும் கடிதங்களும் அவர் பெயரில்தான் வருகின்றன. இந்த வீட்டில் டிவியே இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.