பியோவுல்ஃபும் சட்டன் ஹூவும்

ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் பலர் பியோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தை நோட்ஸ் வைத்தே கடந்துவிடுகிறார்கள். வீரன், கிரெண்டல் என்ற அரக்கன், டிராகன், அவ்வளவுதான். எனக்கு மனசே ஆறவில்லை.

சட்டன் ஹூவைப் பற்றியும் சேர்த்துப் படியுங்கள். இங்கிலாந்தின் சஃபக் பகுதியில் உள்ள அந்த இடத்தில் 1939இல் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே சுமார் 27 மீட்டர் நீளக் கப்பலின் தடம். மரம் மக்கிப்போய், இரும்பு ஆணிகள் மட்டும் வரிசை பிசகாமல் மண்ணில் நின்றன. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய தலைவன் ஒருவனைப் பொன்னும் வாளுமாகக் கப்பலோடு புதைத்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த தலைக்கவசத்தின் புருவ நுனிகளில் குட்டிக் குட்டியாகக் காட்டுப்பன்றித் தலைகள்! காவியத்திலும் வீரர்களின் தலைக்கவசங்களில் பன்றி உருவம் மின்னுகிறது. தொடக்கத்திலேயே ஷில்ட் என்ற அரசனின் உடலைச் செல்வக் குவியலோடு கப்பலில் ஏற்றிக் கடலில் விடுகிறார்கள். கவிஞர் வெறும் கற்பனையில் அளந்துவிடவில்லை.

அப்புறம், கதை நடப்பது டென்மார்க்கிலும் தென் ஸ்வீடனிலும். பாடியவரோ கிறிஸ்தவர். அந்தப் பழைய வீரர்களை மெச்சாமலும் இருக்க முடியாது, அவர்கள் கும்பிட்ட சாமிகளை ஏற்கவும் முடியாது. அந்தத் தவிப்பு தெரியாமல் படித்தால் பாதி காவியம் போச்சு.

மிஞ்சியிருப்பது கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரே கையெழுத்துப் பிரதி. 1731 தீ விபத்தில் ஓரங்கள் கருகின. அதன்பின் அந்த ஓரத்து எழுத்துகள் உதிர்ந்துகொண்டே போயின. 1780களில் ஐஸ்லாந்து அறிஞர் தார்கெலின் எடுத்துவைத்த நகல்கள்தான் பல இடங்களில் இன்றைக்கும் கைகொடுக்கின்றன.