தைராய்டு மாத்திரை: டோஸைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை

தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் லெவோதைராக்ஸின், போட்ட அன்றே பலன் தெரிகிற மருந்து இல்லை. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். டோஸை மாற்றினால் ரத்தத்தில் புதிய அளவு நிலைக்க 5, 6 வாரம் பிடிக்கும். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டி.எஸ்.ஹெச். டெஸ்ட்டை 6 முதல் 8 வாரம் கழித்து எடுக்கச் சொல்வது அதனால்தான். இரண்டாவது வாரமே லேபுக்கு ஓடி வாங்கி வரும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

"மாத்திரை கேட்கவில்லை" என்பவர்கள் டோஸைச் சந்தேகிப்பதற்கு முன் போடும் முறையைப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் போட வேண்டும், அதுவும் தண்ணீரோடு மட்டும். காபியும் கூடாது, அது மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு என்பார்கள். முடிந்தால் 60 என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தோதுப்படாதவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரமாவது ஆனபின் படுக்கப் போகும்போது போடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம்.

கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இவை லெவோதைராக்ஸினைப் பிடித்துக்கொண்டு குடலில் சேர விடாது. மல்டிவைட்டமினிலும் இதே இரண்டும் இருக்கும், பலர் கோட்டை விடுவது அங்கேதான். ஒமெப்ரசோல் போன்ற அசிடிட்டி மருந்து வேறு விதம். அமிலம் நாள் முழுக்கக் குறைந்தே இருப்பதால் மாத்திரை சரியாகக் கரையாது. இடைவெளி விட்டுப் பயனில்லை. அதைத் தொடர்ந்து எடுப்பதாக டாக்டரிடம் சொன்னால் டோஸை அதற்கேற்ப வைப்பார்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் எடுப்பவர்கள் டெஸ்ட்டுக்கு 2 நாளாவது முன்பே நிறுத்த வேண்டும். அதிக டோஸ் என்றால் இன்னும் முன்பே. சில லேப் முறைகளில் பயோட்டின் குறுக்கிட்டு டி.எஸ்.ஹெச்.சைக் குறைவாகவும், டி4 என்ற தைராய்டு ஹார்மோனை அதிகமாகவும், டோஸ் கூடிவிட்டதுபோலக் காட்டும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து டோஸைக் குறைத்தால், கொட்டுகிற முடி இன்னும் கொட்டும். டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை. போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) ஏறித் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரரின் டோஸோடு ஒப்பிட வேண்டாம். சுரப்பி முழுதும் நின்றுபோனவர்களுக்குத்தான் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம், 60 கிலோ என்றால் 100-க்குப் பக்கம். சுரப்பி ஓரளவு வேலை செய்தால் அவ்வளவு தேவைப்படாது. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். கம்பெனி மாறினால் அட்டையில் அதே 100 இருந்தாலும் 6 வாரம் கழித்து ஒரு டெஸ்ட் எடுப்பது நல்லது.

எடை குறையட்டும் என்று தானாகக் கூட்டுவது படுமோசமான யோசனை. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை முதலில் வரும். நீடித்தால் எலும்பு தேயும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும்.

கர்ப்பம் உறுதியானால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. ஆரம்ப வாரங்களிலேயே தேவை 25 முதல் 30 சதவீதம் வரை கூடலாம். அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.