பழைய லேப்டாப்பும் அப்பாவின் இலைச் சீட்டும்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சை இலையை எடை போட்டதும் தரும் சீட்டை அப்பா அன்றன்றே போனில் படம் எடுத்துக்கொள்வார். மாதக் கடைசியில் கணக்கைச் சரிபார்க்க அதுதான் கையில் இருக்கும். போன ஐப்பசி மழையில் போன் நனைந்து செத்தது. இரண்டு வருடச் சீட்டும் போயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கூகுள் போட்டோஸில் 2021 ஜூன் முதல், ஏற்றுகிற படமெல்லாம் 15 ஜிபி இலவச இடத்தில்தான் சேர்கிறது. அது போதும் என்றாலும், மழை நாளில் இங்கே நெட் நிற்காது. அதனால் போன் படங்களை நகலெடுத்து வைக்க வீட்டிலேயே ஒரு சர்வர், அதாவது எப்போதும் ஓடும் ஒரு சேமிப்புக் கணினி, அமைத்தேன். வீட்டு வைஃபைக்குள்ளேயே ஓடுகிற அதற்கு வெளி நெட் தேவையே இல்லை.

பரணில் கிடந்த லேப்டாப்பை எடுத்ததற்குக் காரணம் அதன் பேட்டரி. சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போனாலும் அரை மணி நேரம் தாங்கும். அதில் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன், ஃபோல்டர்களை வீட்டு வைஃபையில் பகிரும் சம்பா மென்பொருளை நிறுவினேன். மூடியைச் சாத்தினால் தூங்கிப்போனது. மூடியைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு அமைப்பை மாற்றியதும் சரியாகிவிட்டது. சம்பாவுக்குக் கடவுச்சொல்லைத் தனியாக வைக்க வேண்டும் என்பது தெரியாமல் ஒரு மாலை வீணானது.

அதன்பின் இரண்டு நாள் படுத்தி எடுத்தது, படங்களைச் சேமிக்க லேப்டாப்பில் செருகிய வெளி டிஸ்க். போனிலிருந்து ஃபோல்டர் தெரிகிறது, ஒரு படம்கூட உள்ளே போகவில்லை, அனுமதி இல்லை என்கிறது. சம்பா அமைப்பையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன். கோளாறு டிஸ்கில்தான்: அது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் ஆகியிருந்தது. எந்தக் கோப்பு யாருடையது என்ற லினக்ஸ் விவரத்தை அந்த முறை வைத்துக்கொள்ளாது. எனவே எல்லாமே ரூட், அதாவது நிர்வாகி, பெயரில் நின்றது. உள்ளே இருந்ததை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மட் செய்து, ஃபோல்டரை என் பயனர் பெயருக்கு மாற்றினேன். உடனே படங்கள் ஏறின.

இதைவிடப் பெரிய ஆபத்து பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் நெடுநேரம் கரண்ட் இல்லாமல் லேப்டாப் அணைந்து, மறுபடி எழுந்தபோது டிஸ்க் இணையவில்லை. ஆனால் பேக்கப் நடந்துகொண்டே இருந்தது, டிஸ்க் இணைய வேண்டிய காலி ஃபோல்டருக்குள், லேப்டாப்பின் சொந்த இடத்தில்! இப்போது பகிர்வது டிஸ்குக்குள் இருக்கிற ஓர் உள்ஃபோல்டரை. டிஸ்க் இல்லையென்றால் அந்த ஃபோல்டரும் இல்லை, போன் உடனே பிழை காட்டிவிடும். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.

போனிலிருந்து படங்களைச் சர்வருக்கு நகலெடுப்பது ஃபோல்டர்சிங்க் என்ற செயலி. வைஃபையில், சார்ஜ் ஏறும்போது, இரவில் மட்டும். ஒருவழி நகலாக வைத்து, நீக்கியதை அங்கேயும் நீக்கும் வசதியை அணைத்துவிட்டேன்; இல்லாவிட்டால் அப்பா கை தவறி அழித்தால் சர்வரிலும் அழியும். ரௌட்டரில், சம்பா பகிர்வு பயன்படுத்தும் 445 போர்ட்டை வெளி இணையத்துக்குத் திறக்கவில்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியது இதே பகிர்வு முறையின் பழைய வடிவம் வழியாகத்தான்.

போன வாரம் அப்பா போனில் ஒரு சீட்டை வேண்டுமென்றே அழித்துவிட்டு, சர்வரிலிருந்து திரும்ப எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடையைப் படித்தார். "கண்ணு, அம்மா போனையும் இதுல சேர்த்துடு" என்றார். இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்துக் குன்னூரில் அக்கா வீட்டில் வைக்கவேண்டிய வேலை பாக்கி இருக்கிறது.